அலுவலகம் இடம் மாறும்போது...

கோட்டாற்றுக் கம்போளத்தின் பழைய வணிகத் தெருக்களில் மாடிப்படி ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்த அலுவலகங்களின் தோற்றம் நன்கு தெரியும். கீழே கிட்டங்கி, மேலே ஓர் அறை. அறையில் ஒரு சாய்மேசை, ஓர் இரும்புப் பெட்டி, சுவரில் பதித்த அலமாரியில் பாட்டனார் காலத்துப் பேரேடுகள். இன்று அத்தகைய நிறுவனங்கள் பல, இடம் மாறுவதைப் பற்றி எண்ணத் தொடங்கியுள்ளன. லாரி நுழைய வழியில்லை. வாகனம் நிறுத்த இடமில்லை. தொழிலில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அறை போதவில்லை. தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் இதே பேச்சுத்தான்.

இடம் மாறுவது பெரிய காரியமா என்று கேட்கலாம். நான்கு சுமட்டுத் தொழிலாளரை அழைத்து, ஒரு வண்டியைப் பேசி, மேசை நாற்காலிகளை ஏற்றி இறக்கினால் மாலைக்குள் முடிந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். மேசை நாற்காலிக்கு அது சரி. ஆனால் ஓர் அலுவலகத்திலுள்ள பொருள்களில் பாதிக்கு மேல் அதன் உரிமையாளருக்குச் சொந்தமானவையல்ல. ஒருவர் கொடுத்து வைத்த முன்பணம், இன்னொருவருக்குத் தர வேண்டிய பாக்கி, ஒரு விதவை நம்பி ஒப்படைத்த பத்திரம், ஊழியரின் சேமநிதிக் கணக்கு ஆகிய யாவும் பிறருடையவை. இடமாற்றத்தின்போது தொலைவதும் பெரும்பாலும் இவைதாம். ஆகவே திட்டம் போடுவோர் முதலில் இவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, அதன்பின் மேசை நாற்காலிக்கு வர வேண்டும். நடைமுறையில் எப்போதும் தலைகீழாகவே நடக்கிறது.

பத்மநாபபுரத்திலிருந்து புறப்பட்ட கச்சேரி

நமது மாவட்டத்தின் வரலாற்றிலேயே பெரியதோர் அலுவலக மாற்றம் உண்டு. தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் கோட்டைதான் திருவிதாங்கூர் அரசின் தலைநகராக விளங்கியது. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது, அங்குள்ள மந்திரசாலையை நாம் காட்டுவதுண்டு. வண்ண அபிரகத் தகடுகள் பொருத்திய சாளரங்கள் வெயிலையும் தூசியையும் வெளியே நிறுத்தும். உள்ளே அரசரும் அமைச்சர்களும் அமர்ந்து நாட்டுக் காரியம் பேசினர். உப்பரிகை மாளிகையின் அடித்தளத்தில் கருவூலம் இருந்தது. இக்காலச் சொல்லில் கூறினால், கூட்ட அறையும் காசாளர் அறையும் ஒரே வளாகத்தில்!

1741-ல் குளச்சலில் டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்டவர்மரின் காலத்தில் அரசின் எல்லை வடக்கே விரிந்துகொண்டே போயிற்று. வரி வரும் ஊர்களும், மிளகு விளையும் நிலங்களும், பகைவர் வரக்கூடிய வழிகளும் வடக்கில் இருந்தன. தலைநகரோ தென்கோடியில் இருந்தது. அவருக்குப் பின் ஆண்ட, தர்மராஜா எனப்படும் கார்த்திகைத் திருநாள் இராமவர்மரின் ஆட்சிக் காலத்தில், 1795-ல் தலைநகரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவனந்தபுரத்துக்கு மாறியது. தொழில் ஒரு திசையில் நகர்ந்துவிட்ட பிறகு அலுவலகம் அதன் பின்னே போயிற்று என்று இதனைச் சொல்லலாம். காரணம் சரியானதுதான். இன்று பலர் வாடகை குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்த்து இடம் மாறுகிறார்கள். தம்மிடம் வருவோர் எந்தத் திசையிலிருந்து வருகிறார்கள் என்று அவர்கள் எண்ணுவதில்லை.

ஆனால் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. அரசரின் இருப்பிடம் மாறியதும் நிர்வாகம் முழுவதும் உடனே ஓரிடத்தில் சேர்ந்துவிடவில்லை. ஆங்கிலேய ரெசிடென்டு கொல்லத்தில் இருந்த நாள்களில், திவானின் தலைமை அலுவலகமாகிய ஹஜூர் கச்சேரியும் கொல்லத்திலேயே இயங்கிற்று. சுவாதித் திருநாள் அரசரின் காலத்தில், 1830-ல்தான் அது திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கென்று இன்றுள்ள தலைமைச் செயலகக் கட்டடம் எழுந்து திறக்கப்பட்டது 1869-ல். திவான் மாதவராவின் காலம். கணக்கிட்டுப் பாருங்கள். 1795-ல் தொடங்கிய இடமாற்றம் முடிவதற்கு 74 ஆண்டுகள் ஆயின! அதுவரை மனு எழுதிய குடியானவன் எந்த ஊருக்கு நடந்தான் என்பதை வரலாற்று நூல்கள் விரித்துரைப்பதில்லை. முதலாளி ஒரு கட்டடத்திலும், கணக்கர் இன்னொன்றிலும், முத்திரைச் சீல் மூன்றாவது இடத்திலும் இருக்கும் நிறுவனங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 74 ஆண்டுகள் நினைவுக்கு வரும்.

பத்மநாபபுரம் அதன்பின் அடங்கிய ஊராயிற்று. மரத்தாலான அந்த அரண்மனை பழைய வடிவிலேயே இன்றும் நிற்பதற்குத் தலைநகர் அங்கிருந்து போய்விட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். அங்கேயே அரசு தொடர்ந்திருந்தால் இடித்துக் கட்டியிருப்பார்கள்.

இரண்டாவது மாற்றம் நம் பெற்றோர் கண்ட ஒன்று. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. இதில் கட்டடங்கள் அசையவில்லை. தாலுகாக் கச்சேரி இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அது யாருக்குப் பதில் சொல்லும் என்பது மாறிவிட்டது. 70 கிலோமீட்டருக்குள் இருந்த திருவனந்தபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்த கோப்பு, 700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்குப் போகத் தொடங்கியது. மொழியும் மாறியது, ஆண்டுக் கணக்கும் மாறியது. அதனால்தான் இன்றும் நம் வீடுகளில் மலையாளத்தில் எழுதிய, கொல்லம் ஆண்டு குறித்த பிரமாணங்களைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். மகளுக்கு நிலம் எழுதிக் கொடுக்க வேண்டிய நாளில், அதைப் படித்துச் சொல்ல ஒருவரைத் தேடி அலைகிறோம். அரண்மனை நம் மாவட்டத்தில் இருக்கிறது. அதைப் பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை. ஓர் அலுவலகம் மாறி இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், பழைய முகவரியில் ஏதோ ஒன்று மிஞ்சியே இருக்கிறது.

பின்தங்கி நின்ற ஒருவர்

இடமாற்றத்தைத் திட்டமிடுவது பற்றி நினைக்கும்போது, கி.பி. 622-ல் நடந்த ஹிஜ்ரத்தை நாம் பக்தியோடு மட்டும் நினைவுகூர்ந்து நிறுத்திக்கொள்வது போதாது. அதன் ஏற்பாடுகளை ஒரு நிர்வாகியின் கண்ணோடு பார்த்தால் வியப்பு மேலிடும். ஹழ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதங்களுக்கு முன்பிருந்தே தீனி போட்டு ஆயத்தமாக வைத்திருந்தார்கள். பாலைவழி அறிந்த அப்துல்லாஹ் இப்னு உரைக்கித் என்பவர் கூலிக்கு அமர்த்தப்பட்டார். அவர் அப்போது முஸ்லிம் அல்லர். தம் வேலையில் தேர்ந்தவர், நம்பத் தகுந்தவர் என்பதே போதுமானதாக இருந்தது. தவ்ர் குகையில் தங்கிய மூன்று இரவுகளிலும் செய்தி கொண்டுவர ஒருவர், உணவுக்கு ஒருவர், ஆட்டு மந்தையை ஓட்டித் தடங்களை அழிக்க ஒருவர் என வேலை பகிர்ந்து கொடுக்கப்பட்டிருந்தது.

இவை அனைத்திலும் நம் தலைப்புக்கு நெருங்கியது ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களின் பங்குதான். மக்கத்து மக்கள், பகைமை பாராட்டியவர்கள் உட்பட, தம் பொருள்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே அமானிதமாக வைத்திருந்தனர். உயிருக்கு ஆபத்தான அந்த நேரத்திலும், அவற்றை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக அலீ (ரலி) அவர்கள் மக்காவில் பின்தங்கினார்கள். மூன்று நாள்களில் கணக்கைத் தீர்த்துவிட்டு, அதன்பின் குபாவில் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஊரை விட்டுப் போகிறோம், இனி யார் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்புக்கே அங்கு இடமில்லை. திருமறையின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதையும் வணிகர்கள் அறிவார்கள்.

பழைய இடத்தில் நம்பிக்கையான ஒருவரைச் சில காலமேனும் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதை இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். நமது நிறுவனங்களில் நடப்பது என்ன? சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்த மறுநாளே பழைய வாசல் அநாதையாகிவிடுகிறது.

பேரேட்டில் ஒரு வரி

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு மளிகை மொத்த வியாபாரக் குடும்பத்தினர் தம் அலுவலகத்தை மாற்ற முடிவு செய்தனர். மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள். பாட்டனாரின் பேரேடுகள் பலகை அலமாரி நிறைய இருந்தன. கரையான் அரித்தவை போக மீதியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று இளையவர் சொன்னார். மூத்தவர் மனம் ஒப்பவில்லை. பல ஏடுகள் அரபுத்தமிழில் எழுதப்பட்டிருந்ததால், வாசித்துச் சொல்ல என்னை அழைத்தார்கள். மதரஸாவில் பாடம் முடிந்த பின் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையே போய், ஏறக்குறைய இருபது நாள்கள் அந்தப் புழுதியில் அமர்ந்தேன்.

பெரும்பாலானவை அரிசி, மிளகாய் வற்றல், கருப்பட்டி வரவு செலவுகள். ஒரே ஒரு பக்கத்தில், கொழும்புக்குப் பிழைக்கப் போன தேங்காய்ப்பட்டணத்து மனிதர் ஒருவர், தம் மகள் பருவமெய்தும் வரை வைத்திருக்கும்படி 300 ரூபாய் ஒப்படைத்ததாக ஒரு வரி இருந்தது. அதற்கு எதிரே திருப்பிக் கொடுத்த குறிப்பு இல்லை. அடுத்த ஆண்டின் ஏட்டிலும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. அந்த வரியை வாசித்தபோது அறையில் யாரும் பேசவில்லை.

கொடுத்திருந்து குறிக்க மறந்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் மூத்தவர் தேங்காய்ப்பட்டணம் ஜமாஅத்தில் விசாரித்து, அந்த மகளை மூதாட்டியாகக் கண்டுபிடித்தார். அவருக்குத் தந்தையின் முகமே சரியாக நினைவில்லை. பணம் வந்ததாகத் தாயார் சொல்லிக் கேட்டதில்லை என்றார். இனி எவ்வளவு கொடுப்பது? அன்றைய 300 ரூபாய் இன்று எதற்குக் காணும்? ஆலிம்களைக் கேட்டார்கள். அமானிதமாக ஏட்டில் நிற்கும் தொகை 300. அதனைக் கடமையாகத் தீர்த்துவிட்டு, அதற்கு மேல் மனமுவந்து எவ்வளவு கொடுத்தாலும் அது அன்பளிப்பு என்று பதில் கிடைத்தது. அவர்கள் கொடுத்த அன்பளிப்பின் அளவை நான் இங்கே சொல்வது முறையன்று. இளையவர், எடைக்குப் போடச் சொன்னவர், தாமே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பழைய ஏடுகளைக் கழிக்கும் முன் ஒருமுறை முழுதும் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். சட்டத்தின் கணக்கு வேறு. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். அதன்பின் அரசு கேட்காது. வீட்டிலுள்ள பெண்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. யார் எதை நம்பிக் கொடுத்தார்கள் என்பது கணக்கரைவிட வாப்பும்மாவுக்கு நன்றாக நினைவிருக்கும்.

காகித வேலை

சட்டம் சார்ந்த வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்; பட்டயக் கணக்கர் மற்றதைப் பார்த்துக்கொள்வார். முதன்மை வணிக இடம் மாறினால் 15 நாள்களுக்குள் ஜி.எஸ்.டி. பதிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. களியக்காவிளையில் இருப்பவர் சற்றே நகர்ந்து பாறசாலைக்குப் போனால், நடந்து போகும் தொலைவானாலும் மாநிலம் மாறிவிடுகிறது. பழைய பதிவைத் திருத்த முடியாது. கேரளத்தில் புதிய பதிவு வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கை மாற்றினாலும், அதன் மதிப்பு ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் இல்லாமல் வண்டியை எடுக்கலாகாது. விற்பனை அல்லவே, நம் சரக்கை நாமே கொண்டுபோகிறோம் என்று சாலையில் நின்று வாதிடுவதில் பயனில்லை. உணவுப் பொருள் உரிமம் ஆளுக்கு மட்டுமன்றி இடத்துக்கும் சேர்த்துத் தரப்படுவது. தீ விபத்துக் காப்புறுதியும் அப்படியே. பழைய முகவரியில் எடுத்த பாலிசி, புதிய கிட்டங்கியில் இருக்கும் மூட்டைக்குத் தானாக உதவாது; நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதி முகவரியைச் சேர்க்க வேண்டும். புதிய கட்டடத்துக்கு வாய்மொழி வாடகை வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையே கேட்கிறது. உறவினர் கட்டடம் என்றால் இன்னும் கண்டிப்பாக எழுதிக்கொள்ளுங்கள்!

வேலைக்கு வருவோர்

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக் செய்த மாற்றத்தை அறியாதவர் இல்லை. 1327-ல் அவர் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தேவகிரிக்கு, அதாவது தௌலதாபாத்துக்கு, ஆட்சியின் இருப்பிடத்தை மாற்றினார். அவரைப் பைத்தியக்காரர் என்று எழுதிவிடுவது எளிது. தக்காணத்தை ஆள்வதற்கு நடுவான இடம் வேண்டும் என்ற அவருடைய காரணத்தில் தவறில்லை. வழியெங்கும் தங்குமிடங்களும் அமைக்கப்பட்டன. தில்லியே காலியாயிற்று என்பது மிகை என்றும், அதிகாரிகளும் ஆலிம்களும் செல்வர்களுமே பெரும்பாலும் அனுப்பப்பட்டனர் என்றும் பிற்கால வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். ஆயினும் போக மனமில்லாதவர்களைப் போகச் செய்ததுதான் அந்தத் திட்டத்தை முறித்தது. சில ஆண்டுகளில் திரும்பிவர அனுமதி தர வேண்டியதாயிற்று.

நாம் சுல்தான்கள் அல்லர். எனினும் கோட்டாற்றிலிருந்து பார்வதிபுரத்துக்கு அலுவலகம் போகிறது என்று முடிவு செய்யும் முதலாளிக்கு அது காரில் பத்து நிமிடம். திட்டுவிளையிலிருந்து வடசேரி வந்து இறங்கும் தட்டச்சுப் பெண்ணுக்கோ அது இன்னொரு பேருந்து, இன்னொரு கட்டணம், மாலையில் மக்ரிபுக்குள் வீடு சேர முடியாமை. அவர் எதுவும் சொல்லமாட்டார். இரண்டு மாதம் பொறுத்துவிட்டு, தாயாருக்கு உடல்நலமில்லை என்று நின்றுவிடுவார். அவரோடு வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் பாக்கி விவரமும் போய்விடும். முடிவெடுக்கும் முன்பே ஊழியர் ஒவ்வொருவரும் எங்கிருந்து, எந்தப் பேருந்தில் வருகிறார் என்று எழுதிப் பார்ப்பதற்கு ஒரு தாள் போதும். வேலை நேரத்தை அரை மணி முன்பின் தள்ளியோ, பயணப்படியைக் கூட்டியோ சரி செய்துவிடக்கூடியவை பல. பக்கத்தில் ஜும்ஆப் பள்ளி உண்டா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா என்பவற்றையும் வாடகை பேசும்போதே பார்த்துவிட வேண்டும். பின்னர் கேட்டால் கட்டட உரிமையாளர் நழுவிவிடுவார்.

மூட்டை கட்டும் முறை

மூட்டை கட்டுவதில் நமக்கு முன்மாதிரி ஜம்மு காஷ்மீர். மகாராஜா ரண்பீர் சிங் 1872-ல் தொடங்கிய வழக்கப்படி, அங்கே அரசு அலுவலகங்கள் கோடையில் ஸ்ரீநகரிலும் குளிர்காலத்தில் ஜம்முவிலும் இயங்கின. ஆண்டுக்கு இருமுறை கோப்புகளெல்லாம் பெட்டிகளில் பூட்டப்பட்டு லாரிகளில் மலைவழியே போயின. கோப்புகள் கணினிக்கு மாறிய பின் 2021-ல் நிறுத்தப்பட்ட இவ்வழக்கம், 2025-ல் மீண்டும் தொடங்கியது. ஒரே வேலையை ஆண்டுதோறும் இருமுறை செய்தவர்களுக்குப் பெட்டியும் பூட்டும் எவ்வளவு முக்கியம் என்பது தெரிந்திருந்தது.

நாம் வாழ்நாளில் ஒருமுறைதான் செய்கிறோம். எனவே ஒவ்வொரு பெட்டிக்கும் எண் இட்டு, உள்ளே இருப்பது என்னவென்று இரண்டு பட்டியல் எழுதி, ஒன்றைப் பெட்டிக்குள்ளும் மற்றொன்றைக் கணக்கரின் கையிலும் வைப்பது நலம். காசோலைப் புத்தகம், முத்திரைச் சீல், பிறர் பத்திரங்கள், நடப்பு ஆண்டின் பேரேடு ஆகியவை லாரியில் ஏறவே வேண்டாம். பங்காளிகளுள் ஒருவர் தம் கையோடு கொண்டுபோகட்டும். கணினியில் உள்ளதை முந்தின இரவே வேறொரு வட்டில் நகல் எடுத்து வீட்டில் வைத்துவிடலாம். மழை மாதங்களைத் தவிர்க்க வேண்டும். நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை என்பதை வெளியூர்ப் பொதிகட்டும் நிறுவனங்கள் அறியா. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச்சும் வேண்டாம். ரமளானில் சுமை தூக்குவோரை நோன்போடு மாடிப்படி ஏறவைப்பது இரக்கமற்ற செயல். எஞ்சுபவற்றுள் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வசதியானவை.

கடைசியாகப் பழைய வாசல். மின்மீட்டரின் அளவைக் கட்டட உரிமையாளரின் முன்னிலையில் குறித்து, இருவரும் கையொப்பமிட்டு, முன்பணத்தைத் திரும்பப் பெறும் நாளையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வரும் கடிதங்களைப் புதிய முகவரிக்குத் திருப்பும்படி அஞ்சலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். பழைய கதவில் தொங்கவிடும் அட்டையில் புதிய முகவரியோடு, எந்தப் பேருந்தில் ஏறி எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கைப்பேசியில் வரைபடம் பார்க்கத் தெரியாத ஒரு முதியவர், இருபது ஆண்டுகளுக்கு முன் கொடுத்த பணத்துக்கான துண்டுச் சீட்டை மடியில் கட்டிக்கொண்டு, அந்த மாடிப்படியை ஒருநாள் ஏறி வரக்கூடும்.